அடிக்கடி வரும் கண் அழற்சி... மூளை வரை பரவும் அரிய புற்றுநோயாக இருக்கலாமா?

கண் முன்னாடி பூச்சி பறக்கிற மாதிரி இருக்கு, பார்வை மங்குது, ஆனா வலி இல்லை. பெரும்பாலும் இது வயசானா வருவதுதான். மிக அரிதாக, 'விட்ரியோரெட்டினல் லிம்போமா' என்ற புற்றுநோயாகவும் இருக்கலாம்.

ரத்த வெள்ளை அணுக்களில் உருவாகும் இந்நோய், விழித்திரையையும் கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லையும் தாக்கும். 50 வயதைத் தாண்டியவர்களிடமே அதிகம்.

சிக்கல் என்னன்னா, பார்க்க சாதாரண கண் அழற்சி மாதிரியே இருக்கும். ஸ்டீராய்டு கொடுத்தா குறையும், நிறுத்தினா திரும்பும். இப்படியே மாதங்கள் ஓடிவிடும்.

அதற்குள் ஆபத்து கூடும். பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு மூளையிலும் இந்நோய் வருகிறது. அதனால் கண் ஜெல்லில் பயாப்ஸி, மூளைக்கு எம்.ஆர்.ஐ. இரண்டும் அவசியம். கண்ணுக்குள் மெத்தோட்ரெக்சேட் ஊசி, கீமோதெரபி, கதிர்வீச்சு எனச் சிகிச்சைகள் உண்டு.

அழற்சி திரும்பத் திரும்ப வந்தால், "இது வேற ஏதாவதா இருக்குமா டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள்.