சம்பள பாக்கிக்குக் கிடைத்த கிராமம்

போலந்தின் க்ருஷினியானியில் தாத்தார் முஸ்லிம்கள் 1679 முதல் வாழ்கிறார்கள். இன்று எஞ்சியிருப்பது சில குடும்பங்கள்தான்.

பச்சை வண்ணம் பூசிய மரக் கட்டடம். முகப்பில் இரட்டைக் கோபுரங்கள். தூரத்துப் பார்வைக்குக் கிராமத்து தேவாலயம்தான். ஆனால் உச்சியில் இருப்பது சிலுவையல்ல, பிறை.

போலந்தின் வடகிழக்கில், பெலாரஸ் எல்லையை ஒட்டியுள்ள க்ருஷினியானியின் கதையே சம்பளத் தகராறில் தொடங்குகிறது. 14ஆம் நூற்றாண்டிலிருந்தே லிதுவேனியப் படைகளிலும் பின்னர் போலந்துப் படைகளிலும் தாத்தார் குதிரை வீரர்கள் இருந்தார்கள். சம்பளம் வரவில்லை, உரிமைகளும் குறைந்தன. 1672இல் ஒரு பிரிவினர் துருக்கி சுல்தான் பக்கம் சாய்ந்தார்கள். கஜானாவோ காலி. மன்னர் மூன்றாம் யான் சோபியெஸ்கி 1679இல் பணத்துக்குப் பதில் நிலம் கொடுத்தார். நான்கே ஆண்டுகளில் பலன் தெரிந்தது: 1683 வியன்னா போரில் தாத்தார்கள் துருக்கியரை எதிர்த்து மன்னருக்காகப் போரிட்டார்கள்.

சொந்த மொழியைத் தாத்தார்கள் எப்போதோ மறந்துவிட்டார்கள். பேசுவது போலிஷ். மதம் மட்டும் நிலைத்தது. 'மிசார்' எனப்படும் அடக்கத்தலத்தின் கற்களில் அரபு, ரஷ்ய, போலிஷ் எழுத்துகள் கலந்து கிடக்கின்றன. ஊரில் இன்று பெரும்பான்மையினர் கிறிஸ்தவர்கள். போர்களும் 1945இல் நகர்ந்த எல்லையும் தாத்தார்களைச் சிதறடித்தன. பிழைப்பு தேடி இளைஞர்கள் பியாவிஸ்தோக் போன்ற நகரங்களுக்குப் போனார்கள்.

கைகொடுத்தது சுற்றுலா. மெல்லிய மாவு அடுக்குகளில் இறைச்சி வைத்துச் சுருட்டிச் சுடும் 'பியெரெகாச்செவ்னிக்'கைச் சுவைக்கவே கூட்டம் வந்தது. 2010இல் அன்றைய பிரிட்டிஷ் இளவரசர் சார்லஸ் வந்தார். 2012இல் மசூதி வரலாற்றுச் சின்னமானது.

சோதனைகளும் தொடர்ந்தன. 2014இல் மசூதிச் சுவரில் யாரோ பன்றிப் படம் வரைந்தார்கள். 2018இல் ஊரின் புகழ்பெற்ற தாத்தார் உணவகம் தீக்கிரையானது. 2021 செப்டம்பரில், பெலாரஸ் வழியாக அகதிகள் வரத் தொடங்கியதும், அரசு எல்லையில் நெருக்கடி நிலை அறிவித்தது. வெளியூர்க்காரர்களுக்குத் தடை. பயணிகளை நம்பிய ஊரில் விருந்தினர் இல்லை.

ஆனால் எல்லைக் காடுகளில் இறந்த முஸ்லிம் அகதிகளின் உடல்களுக்கு இடம் தேவைப்பட்டது. அதே 1679இல் தாத்தார்களுக்குக் கிடைத்த இன்னொரு கிராமம் போஹோனிகி. அங்குள்ள தாத்தார்கள் தங்கள் மிசாரைத் திறந்துவிட்டார்கள். 2021 நவம்பரில், ஆற்றில் மூழ்கி இறந்த 19 வயது சிரிய இளைஞரை அங்கே அடக்கம் செய்தார்கள். குடும்பத்தினர் வர முடியவில்லை. ஜனாசா தொழுகைக்கு நின்றவர்கள் தாத்தார்களே.