உயர்தரம் முடித்த கையோடு ஒரு வாசல்

உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி விழுகிறது. வலப்பனை, இராகலைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் அந்த நாட்களில் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போவார்கள். நிரல் எழுதப் பழகியவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு.

லினக்ஸ், ஃபயர்பாக்ஸ், விஎல்சி போன்றவை திறந்த மூல மென்பொருள்கள். அவற்றின் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். ஆனால் இலட்சக்கணக்கான வரிகளுக்குள் புதியவர் எங்கே கை வைப்பது? அதற்காகத்தான் வழிகாட்டித் திட்டங்கள் வந்தன. கூகுள் 2005இல் தொடங்கிய ‘சம்மர் ஆஃப் கோட்’ அவற்றில் பெரியது. வேலையையும் வழிகாட்டியையும் தருவது மென்பொருள் அமைப்பு. உதவித்தொகை தருவது கூகுள். இடையிலும் முடிவிலும் வழிகாட்டி மதிப்பிடுவார், தேறினால்தான் பணம். பார்க்கும் வேலை அப்படியே இருக்க, வீட்டிலிருந்தே செய்யலாம்.

இத்திட்டத்தின் முதல் பத்தாண்டில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பியது எம்.ஐ.டி. அல்ல, நம் மொரட்டுவைப் பல்கலைக்கழகம். ஒரு வருடம் செய்து முடித்த அண்ணன்மாரும் அக்காமாரும் அடுத்த வருடம் தம்பி தங்கைகளின் விண்ணப்ப முன்மொழிவைத் திருத்திக் கொடுத்தார்கள். சிலர் வழிகாட்டிகளாகவே ஆனார்கள்.

இலங்கையில் பிறந்த மென்பொருளும் இத்திட்டத்தில் இடம்பெற்றது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவுசெய்ய இங்குள்ள தன்னார்வலர்கள் ‘சஹன’ மென்பொருளை எழுதினார்கள். பிற்பாடு வேறு நாடுகளின் பேரிடர்களிலும் அது பயன்பட்டது. மண்சரிவை அறிந்த வலப்பனைக்காரருக்கு அதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

முன்பு சம்மர் ஆஃப் கோடுக்குப் பல்கலைக்கழக மாணவராக இருந்தால்தான் விண்ணப்பிக்க முடிந்தது. 2022 முதல் அந்த நிபந்தனை இல்லை. 18 வயது நிறைந்து, திறந்த மூலத்துக்குப் புதியவராக இருந்தால் போதும்.

எப்படித் தொடங்குவது? நீங்கள் பயன்படுத்தும் ஒரு மென்பொருளைத் தேர்ந்து, அதன் நிரலைக் கணினியில் இறக்கி ஓடவிடுங்கள். கைபேசி மட்டும் போதாது. கிட்ஹப் போன்ற தளங்களில் புதியவர்களுக்கென்று குறித்துவைத்த சிறு பிழைகள் இருக்கும். ஒன்றைத் திருத்தி அனுப்புங்கள். தமிழ் இடைமுகத்தில் தவறான சொல்லைச் சரிசெய்வதும் நல்ல ஆரம்பம்தான். அந்த மென்பொருளைப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் குறைகளைக் குறித்துத் திருப்பி அனுப்புவார்கள். அது நிராகரிப்பு அல்ல, பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி கேட்கும்போது என்ன செய்தீர்கள், என்ன பிழை வந்தது, எவற்றை முயன்றீர்கள் என்று எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். பெரும்பாலான உரையாடல் எழுத்தில் நடப்பதால், மழைக்குச் சிக்னல் போனாலும் திரும்பி வந்ததும் பதில் போடலாம். ஆனால் சொல்லாமல் காணாமற் போகக் கூடாது.

விண்ணப்பக் காலம் வழக்கமாக மார்ச்சில் தொடங்கும். அதற்குச் சில மாதங்கள் முன்பே திருத்தங்கள் அனுப்பியவரை வழிகாட்டிக்குப் பெயர் சொன்னாலே தெரியும். விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. யாராவது காசு கேட்டால் நம்பாதீர்கள். இடம் கிடைக்காமல் போகவும் கூடும். அப்போதும் நீங்கள் அனுப்பி ஏற்கப்பட்ட திருத்தங்கள் உங்கள் பெயரில் அந்த மென்பொருளின் வரலாற்றில் இருக்கும். வேலை கேட்டுப் போகும் நாளில் அதை எடுத்துக் காட்டலாம்.