தேய்ந்த வாசரும் சொட்டும் குழாயும்

கந்தளாய்க் குளத்து நீர், சுத்திகரிக்கப்பட்டு நிலத்தடிக் குழாய்களின் வழியே நெடுந்தூரம் பிரயாணஞ் செய்து, கடனீரேரியின் உப்புக்காற்று ஓயாது வீசுகின்ற குறிஞ்சாக்கேணியின் வீட்டு முற்றங்களை வந்தடைகின்றது. அத்தகைய நல்ல தண்ணீர், வாசர் எனப்படும் அற்ப விலை பெறும் சிறு ரப்பர் வட்டமொன்று தேய்ந்துபோன காரணத்தினால் இரவெல்லாம் சொட்டிச் சொட்டி மண்ணிலே நாசமாவதைக் காண மனம் பொறுப்பதில்லை. விநாடிக்கு ஒரு துளியென்றால் நாளொன்றுக்கு 86,400 துளி. நாலாயிரம் துளி ஏறக்குறைய ஒரு லீற்றர் என்று கொண்டாலும், இருபது லீற்றருக்கு மேற்பட்ட நீர் எவருக்கும் பயன்படாமற் போகின்றது.

பழைய வீடுகளில் இன்றும் காணப்படும் பித்தளைத் திருகு குழாய், 1845ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ரொதரம் நகரத்துக் கெஸ்ட் - கிரைம்ஸ் கம்பெனி உரிமம் பெற்ற குழாயின் வமிசத்தது. கைப்பிடியைத் திருகும்போது உள்ளிருக்கும் தண்டு கீழிறங்கி, தன் அடியிலுள்ள வாசரை, நீர் மேலெழும் துவாரத்தின் பித்தளை விளிம்பிலே அழுத்துகின்றது, துவாரம் அடைபடுகின்றது. நாளடைவில் அந்த ரப்பர் இறுகி, விளிம்பின் தடம் வட்டப் பள்ளமாக அதன் முகத்திலே பதிந்துவிட, நீர் அவ்வழியே கசியத் தொடங்குகின்றது. பலங்கொண்ட மட்டும் இறுக்கினால் சொட்டு நின்றுவிடும் என்று நம்பி, வீட்டிலுள்ளோர் அனைவரும் முறைவைத்து முறுக்குவது பெருந்தவறு; அதனால் பள்ளம் ஆழமாவதோடு தண்டின் மரையும் கெடுகின்றது.

வாசரை மாற்றப் புகுமுன் மீற்றருக்கு அருகிலுள்ள வால்வை மூடி, குழாயைத் திறந்து, எஞ்சிய நீரை வடியவிட வேண்டும். உப்புக்காற்றிலே பச்சை பூத்து இறுகிக் கிடக்கும் தலைப்பகுதியின் மரையில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுப் பொறுத்திருந்து, பின்னர் ஸ்பனரால் இடப்புறமாகத் திருப்பலாம். அவ்வேளை குழாயின் உடலை மற்றொரு ஸ்பனரால் அசையாது பிடித்துக்கொள்வது மிக அவசியம். இல்லையேல் சுவருக்குள் இருக்கும் பீவீசி இணைப்பு முறிந்து, சொட்டை நிறுத்தப் போனவர் சுவரை உடைக்க நேரும். தலைப்பகுதியைக் கழற்றியதும், வாசரைத் தாங்கும் சிறு பித்தளைத் தட்டு தண்டோடு ஒட்டியோ குழாய்க்குள்ளேயோ இருக்கக் காணலாம். பழைய வாசரைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்குவதே உத்தமம். அரை அங்குலக் குழாய்க்கும் முக்கால் அங்குலக் குழாய்க்கும் வாசர் வெவ்வேறு. மீண்டும் பூட்டும்போது தண்டை மேலே தூக்கியபடி வைத்தே பூட்டவேண்டும். இறங்கிய நிலையில் பூட்டினால் புது வாசர் அப்போதே நசுங்கிப்போகும்.

புதிய வாசர் இட்ட பின்னரும் சொட்டுமாயின், பழுது பித்தளை விளிம்பிலே உள்ளது. விரல் நுனியால் தடவிப் பார்த்தால் அரிப்பு தட்டுப்படும். அதனைத் தேய்த்துச் சமப்படுத்தும் கருவி குழாய்த் தொழிலாளரிடம் உண்டு. கனமான அப்பழைய பித்தளையைக் கழித்துவிட்டு மெலிந்த பிளாஸ்ரிக் குழாயை மாட்டுவது சிக்கனமென்று எனக்குத் தோன்றவில்லை.

ஓடும் ஆற்றங்கரையிலிருந்து வுளூச் செய்யும்போதும் நீரை விரயஞ் செய்யலாகாது என்ற நபிகளாரின் போதனையை அறிந்த ஊர் குறிஞ்சாக்கேணி. ஆகவே பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் பாடசாலை அதிபர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: ஒரு பை வாசரும் இரண்டு ஸ்பனர்களும் வாங்கி வைத்து, ஊர் இளைஞர் சிலருக்கு இவ்வேலையைப் பழக்கிவிடுங்கள்.