பாவித்த ஜப்பான் அம்பிளிஃபயர் வாங்கப் போகிறீர்களா? முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

சன்சுயி, பயனியர், யமஹா, கென்வூட் என்று 1970களில் ஜப்பானிய நிறுவனங்கள் போட்டி போட்டுத் தயாரித்த ஸ்டீரியோ அம்பிளிஃபயர்களுக்கு இன்றும் மவுசு குறையவில்லை. தடித்த அலுமினிய முகப்பும், தூக்கும்போது கையை இழுக்கும் பாரமும் இவற்றின் அடையாளம். அந்தப் பாரத்தில் பெரும்பங்கு உள்ளே இருக்கும் ட்ரான்ஸ்ஃபோமருக்கு உரியது. சன்சுயி தொடக்கத்தில் ட்ரான்ஸ்ஃபோமர் செய்த நிறுவனம்தான்.

ஜப்பானிலிருந்து இறக்கப்படும் பாவித்த பொருட்களோடு இவையும் இலங்கைக்கு வருகின்றன. வாங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் சத்தத்தைத்தான் கேட்டுப் பார்க்கிறார்கள். அதற்கு முன்னர் பின்பக்கத் தகட்டை வாசிக்க வேண்டும்.

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ற். இங்கே 230. ஏற்றுமதிக்காகச் செய்யப்பட்ட மொடல்கள் பலவற்றில் வோல்ற் மாற்றும் ஆளி பின்புறம் இருக்கும். உள்நாட்டு மொடல்களில் '100வி' என்பது மட்டுமே இருக்கும். அதை நேரடியாக நமது பிளக்கில் செருகினால் உள்ளே இரண்டு மடங்குக்கும் மேலான அழுத்தம் பாய்கிறது. பியூஸ் எரிந்தால் அதிர்ஷ்டம். முன்பு யாராவது பியூசுக்குப் பதிலாகக் கம்பி சுற்றியிருந்தால் ட்ரான்ஸ்ஃபோமரே கருகிவிடும். நான் முதலில் வாங்கியது அப்படித்தான் போனது. கடையில் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமரில் போட்டுக் காட்டியதை நான் கவனிக்கவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை. வீட்டில் செருகியபோது ஒரு சத்தம், பிறகு கருகல் மணம்.

ஆகவே ஸ்டெப் டவுனின் விலையையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள். தகட்டிலுள்ள வாற் அளவைப்போல் ஒன்றரை, இரண்டு மடங்கு தாங்கக்கூடியது வேண்டும். 110 வோல்ற் தருவதை வாங்காமல் 100 தருவதைத் தேடுங்கள். பத்து வீத அதிக அழுத்தம் பழைய பாகங்களை வீணாகச் சூடாக்கும். 50 ஹேர்ட்ஸ் பற்றிக் கவலை வேண்டாம், கிழக்கு ஜப்பானிலும் அதுதான்.

றேடியோவும் சேர்ந்த ரிசீவர் என்றால் இன்னொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. ஜப்பானின் பழைய எஃப்எம் அலைவரிசை 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான். 90க்கு மேல் ஒலிபரப்பாகும் நமது நிலையங்கள் அதில் கிடைக்கா.

இனி கடைச் சோதனை. ஆளியைப் போட்டுச் சில விநாடிகளில் 'டிக்' என்று ரிலே சத்தம் கேட்க வேண்டும். ரிலே உள்ள மொடலில் அது கேட்கவில்லையென்றால் பாதுகாப்புச் சுற்று எதையோ தடுக்கிறது என்று அர்த்தம். வொல்யூம் திருகும்போது வரும் கரகரப்பு பெரிய விடயமல்ல, பெரும்பாலும் சுத்தம் செய்தால் போய்விடும். கடைக்காரர் அதற்காக விலை குறைத்தால் மறுக்காதீர்கள்.

ஒரு மல்டிமீற்றரையும் கொண்டு போங்கள். ஸ்பீக்கரைக் கழற்றி, வொல்யூமைப் பூச்சியத்தில் வைத்து, ஸ்பீக்கர் முனைகளில் டிசி அளவைப் பாருங்கள். 50 மில்லிவோல்றுக்குக் கீழே இருந்தால் நல்லது. 100ஐத் தாண்டினால் திருத்த வேலை இருக்கிறது. ரிலே இல்லாத மிகப் பழைய மொடல்களில் இந்தக் கோளாறு முற்றினால் ஸ்பீக்கரே எரியும்.

கடைசியாக மேல்மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே தூசி படிந்திருந்தால் பயப்படாதீர்கள், யாரும் கைவைக்கவில்லை என்பதற்கு அது அடையாளமாகவும் இருக்கலாம். பார்க்க வேண்டியவை வீங்கிய கெப்பாசிற்றர்கள், பழுப்பாகி வயர்களை அரிக்கும் பழைய பசை, புதிதாகத் தெரியும் பவர் ட்ரான்சிஸ்டர்கள். அந்தக் கால ட்ரான்சிஸ்டர்கள் பல இப்போது உற்பத்தியில் இல்லை, சந்தையில் போலிகள் ஏராளம்.

மூடியைக் கழற்ற விடாத கடையில் நான் இப்போது வாங்குவதில்லை.