ரஷ்ய அணு நீர்மூழ்கிக் கப்பல்கள்

ரஷ்ய அணு நீர்மூழ்கிக் கப்பல்கள் என்பவை ரஷ்யக் கடற்படையில் அணு உலையின் ஆற்றலால் இயங்கும் நீர்மூழ்கிகளாகும். டீசல் நீர்மூழ்கிகள் மின்கலங்களை மின்னேற்றுவதற்காக அடிக்கடி நீர்மட்டத்தை நெருங்க வேண்டும். அணு உலை இயங்கக் காற்று தேவையில்லை என்பதால் இவை மாதக்கணக்கில் மூழ்கியே இருக்க வல்லன. வடக்குக் கடற்படையும் பசிபிக் கடற்படையும் இவற்றைக் கொண்டுள்ளன. முதலாவதன் தளங்கள் கோலா தீபகற்பத்திலும் இரண்டாவதன் தளம் கம்சாத்காவிலும் உள்ளன.

வரலாறு

சோவியத் ஒன்றியத்தின் முதல் அணு நீர்மூழ்கியான கே-3, 1957 இல் நீரில் இறக்கப்பட்டது. 1962 இல் பனிக்கடியில் சென்று வட துருவத்தை அடைந்தது. பனிப்போர்க் காலத்தில் நான்கு கட்டுந்தளங்களில் ஏறத்தாழ 250 கப்பல்கள் கட்டப்பட்டன. உலகின் மிகப் பெரிய நீர்மூழ்கி வகையான அக்கூலாவும் இவற்றுள் அடங்கும். (இதனை மேற்கு நாடுகள் டைபூன் என்றன, அவை அக்கூலா என்று அழைப்பது வேறொரு வகையை. நூல்களில் இக்குழப்பம் அடிக்கடி காணப்படும்.)

1991 இல் ஒன்றியம் கலைந்தபின் பணமின்மையால் பராமரிப்பு குன்றியது. 2000 ஆகத்து 12 அன்று பேரன்ட்ஸ் கடலில் கூர்ஸ்க் கப்பலின் நீர்மூழ்கிக் குண்டு வெடித்ததில் 118 பேரும் இறந்தனர்.

தற்போதைய நிலை

அணு ஏவுகணைகளைச் சுமக்கும் பிரிவு இன்று பெருமளவு புதுப்பிக்கப்பட்டுள்ளது. போரெய் வகையின் முதற்கப்பலான யூரி தோல்கொருக்கியின் கட்டுமானம் 1996 இல் தொடங்கியது. அது 2013 இல்தான் பணியில் சேர்ந்தது. அதன் புலாவா ஏவுகணை சோதனைகளில் பலமுறை தோல்வியுற்றதும் தாமதத்திற்கு ஒரு காரணம். 2025 சூலையில் எட்டாவது போரெய் கப்பல் சேர்க்கப்பட்டது. ஒவ்வொன்றும் 16 ஏவுகணைகளைக் கொண்டது.

தாக்குதல் நீர்மூழ்கிகளின் நிலை இவ்வளவு நன்றாக இல்லை. யாசென் வகையின் முதற்கப்பல் கட்டி முடிய 1993 முதல் 2014 வரை ஆயிற்று. பின்வந்தவை விரைவாகவே வருகின்றன எனினும் எண்ணிக்கை குறைவு. எனவே சோவியத் காலத்து வடிவமைப்பான 971 ஆம் திட்டக் கப்பல்கள் இன்னும் தேவைப்படுகின்றன. (இவ்வகையின் நேர்ப்பாவையே இந்தியா 2012 முதல் 2021 வரை ஐ.என்.எஸ். சக்ரா என்ற பெயரில் குத்தகைக்குப் பெற்றிருந்தது.) இவற்றுள் லெப்பார்ட் 2011 இல் பழுதுபார்க்கக் கொண்டுவரப்பட்டு, 2020 இறுதியில்தான் மீண்டும் நீரில் இறக்கப்பட்டது. கட்டுந்தளத்தில் நிற்கும் கப்பல் கடற்படைக் கணக்கில் இருக்கும், கடலில் இராது.

அணு நீர்மூழ்கிகளைப் புதிதாகக் கட்டுவது இன்று செவெரோத்வின்ஸ்க் நகரின் செவ்மாஷ் தளம் ஒன்றே. போரெய், யாசென் இரண்டும் அதே தொழிலாளரையும் அதே கொட்டகைகளையும் பங்கிட வேண்டியிருப்பதால், பணம் கூடினாலும் வேகம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை.

ஓய்வுபெற்ற கப்பல்கள்

அணு நீர்மூழ்கியை உடைக்குமுன் அதன் உலையிலிருந்து எரிபொருளை அகற்ற வேண்டும். 1990களில் அதற்கான வசதியும் சேமிப்பிடமும் போதாமையால், நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்கள் எரிபொருளுடனேயே துறைகளில் கட்டிவைக்கப்பட்டுத் துருப்பிடித்தன. 1989 இல் ஓய்வுபெற்ற கே-159, 2003 ஆகத்தில் உடைப்பதற்காக மிதவைகளில் கட்டி இழுத்துச் செல்லப்படுகையில் புயலில் மூழ்கியது. அதிலிருந்த 10 பேரில் ஒருவரே பிழைத்தார். ஓட்டை விழுந்த உடலுடன் ஆட்களையும் ஏற்றி அனுப்பியது தவிர்த்திருக்கக்கூடிய பிழையாகும்.

பின்னர் அமெரிக்கா, நோர்வே, ஜெர்மனி, ஜப்பான் முதலிய நாடுகளின் உதவியுடன் பெரும்பாலானவை உடைக்கப்பட்டன. நோர்வே எல்லைக்கு அருகிலுள்ள அந்திரேயெவா குடாவில் ஏறத்தாழ 22,000 பயன்படுத்திய எரிபொருள் தொகுதிகள் குவிந்திருந்தன. அவற்றை அகற்றும் பணி 2017 இல் தொடங்கியது. 2022 இல் உக்ரைன் போர் மூண்டபின் மேற்கு நாடுகளின் ஒத்துழைப்பு நின்றுபோயிற்று. ஏறத்தாழ 800 கிலோகிராம் எரிபொருளுடன் கே-159 இன்னும் பேரன்ட்ஸ் கடலடியில் கிடக்கிறது. 1982 இல் காரா கடலில் வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்ட கே-27 உம் அவ்வாறே. இவ்விரண்டையும் தூக்கும் திட்டங்கள் பலமுறை பேசப்பட்டும் நிறைவேறவில்லை.