கதையைப் பிள்ளையே சொல்லட்டும்

லண்டனில் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போனாலும், வீட்டில பிள்ளைகள் ஆங்கிலத்திலதான் பதில் சொல்லுதுகள். என் மகளும் அப்படித்தான்.

பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்குள்ள படங்களை வைத்து நாமே புதுக்கதையும் எழுதலாம்; கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் அதற்கு இடம் தருகிறது.

மகள் படத்தைப் பார்த்துக் கதை சொல்லுவாள், நான் தட்டச்சு செய்வேன். (தட்டச்சு வராட்டி, போனில தமிழிலேயே பேசி எழுதலாம்.) பிறகு அவள் வாசிக்கிறதைப் பதிந்து யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவோம். அம்மம்மாவுக்கு ஆங்கிலம் விளங்காது. அதனால, "அப்பா, ஸ்குவிரலுக்குத் தமிழில என்ன?" என்று அவளே இப்ப கேட்கிறாள்.

மென்பொருள் எழுதுறதுதான் என் தொழில். ஆனாலும் சொல்றேன்: கருவி ஒரு சாட்டுத்தான். கதை கேட்க ஆள் இருந்தால்தான் பிள்ளைக்குத் தமிழ் தேவைப்படும். பிழைகளை உடனே திருத்தாதீங்கோ. முதலில் கதை முடியட்டும்.