கோர் கம்பெனியா... ஐ.டி.யா... கடலா?

'படிச்சு முடிச்சுட்டு என்ன பண்ணப் போறே?' ஃபைனல் இயர் வந்தாலே டீக்கடை பெஞ்ச்ல இருந்து கல்யாணப் பந்தி வரைக்கும் துரத்துற கேள்வி இது. காரைக்கால்மேட்டுல இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் கனம் அதிகம். 2004 சுனாமியைப் பார்த்த மீனவ கிராமம். 'நீயாவது கரையில பொழைச்சுக்க'னு பிள்ளைகளை காலேஜுக்கு அனுப்புற வீடுகள் இங்கே உண்டு.

கரையில வேலை இருக்கா? 2009-ல் இயங்க ஆரம்பிச்ச துறைமுகம், ஓ.என்.ஜி.சி., 2010-ல் வந்த என்.ஐ.டி... எல்லாம் காரைக்கால் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கு. ஆனா, 'அதெல்லாம் நமக்கெங்கடா கிடைக்கும்'னு அப்ளிகேஷனே போடாத ஆள் உங்க கிளாஸ்லயும் இருப்பாரே!

1981-ல் நான்சி பெட்ஸ், கெயில் ஹேக்கெட்னு ரெண்டு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் காலேஜ் ஸ்டூடன்ட்ஸ்கிட்ட ஓர் ஆய்வு செஞ்சாங்க. 'ஆம்பளைங்க வேலை'னு முத்திரை குத்தின வேலைகள்ல மாணவிகளோட நம்பிக்கை குறைவா இருந்தது. ஆனா, கணக்கு, இங்கிலீஷ் மார்க்ல ரெண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசமே இல்லை! அதாவது, கதவைச் சாத்தினது திறமைக் குறைவு இல்லை. (பாய்ஸ், காலரைத் தூக்கிவிடாதீங்க. குரூப் டிஸ்கஷன்னதும் காணாமப் போறது யாரு?)

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருது? சின்னதா ஒண்ணைச் செஞ்சு ஜெயிச்ச அனுபவத்துலதான்னு 1977-லேயே எழுதிட்டார் ஆல்பர்ட் பண்டுரா. ஆடிட்டோரியத்துல கைதட்டல் வாங்குற தன்னம்பிக்கை ஸ்பீச்செல்லாம் அதுக்கு அப்புறம்தான். அந்தக் கணக்குல, சொந்தமா முடிச்ச ஒரு மினி புராஜெக்ட் பத்து ஸ்பீச்சுக்குச் சமம்!

அடுத்தது, வளைஞ்சு கொடுக்குறது. இதை மீனவங்களுக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேண்டாம். காத்தும் சீசனும் மாறினா வலையும் மாறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கரையில நின்னா, வலை பொத்துறது, இன்ஜினைப் பிரிச்சுப் பார்க்குறதுனு வேலை ஓடும். அதே நாட்கள்லதான் நம்ம சீனியர்கள் ஜாயினிங் லெட்டருக்காக மெயிலைத் திறந்து திறந்து மூடுறாங்க!

லெட்டர் வந்தாலும் சிக்கல் வரலாம். 2023 பிப்ரவரியில, வருஷத்துக்கு 6.5 லட்சம்னு ஆஃபர் வாங்கிக் காத்திருந்தவங்ககிட்ட, '3.5 லட்சத்துக்கு வர்றீங்களா?'னு கேட்டது விப்ரோ. இங்கே என்ன முடிவெடுப்பீங்க? தன்னம்பிக்கை இல்லாதவர் 'கிடைச்சதே போதும்'னு தலையாட்டுவார். வளைஞ்சு கொடுக்கத் தெரியாதவர் கோவிச்சுக்கிட்டு ரெண்டு வருஷம் வீட்ல உட்காருவார். சேர்ந்துட்டு கேட் எக்ஸாமுக்குத் தயாராகலாம். வேற இடம் தேடிக்கிட்டு, 'வேண்டாம்'னும் சொல்லலாம். ரெண்டுமே தப்பில்லை, யோசிச்சு எடுத்த முடிவா இருந்தா.

ராமேஸ்வரத்துல படகு வெச்சிருந்தவரோட மகன் அப்துல் கலாமுக்கு விமானி ஆகணும்னுதான் ஆசை. டேராடூன் தேர்வுல 25 பேர்ல ஒன்பதாவது இடம். எடுத்தது எட்டுப் பேரை! விமானம் ஓட்ட முடியலை, சரி. 1958-ல் டெல்லியில, விமானத் தொழில்நுட்பம் பார்க்குற பாதுகாப்புத் துறை அலுவலகத்துல விஞ்ஞான உதவியாளரா சேர்ந்துட்டார். அடிப்படைச் சம்பளம் 250 ரூபாய். இன்னிக்கு நம்ம ஹாஸ்டல்ல ரெண்டு நாள் மெஸ் பில்லுக்குக்கூடத் தாங்காது!